தோட்டத்துத் தந்தையரும் மைந்தரும்



"இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரியோரிடத்தில் மதிப்பில்லை" என்று முதியோர் கூறுவதும், "நம் கிழவர்கள் குனிந்தே பழகியவர்கள்" என்று இளைஞர் கூறுவதும் நம் தோட்டங்களில் அன்றாடம் கேட்கும் பேச்சாகும். இவ்விரண்டும் நேற்றுத் தோன்றியவை அல்ல. மலாயாவில் பால்மரம் சீவ வந்த தமிழர்க்கு மக்கள் பிறந்து, அம்மக்களுக்கு மீசை அரும்பிய நாளிலேயே தோன்றியவை. இவ்வழக்கைத் திண்ணைப் பேச்சாக விட்டுவிடாது சரித்திரத்தின் முன் நிறுத்தி விசாரித்தால், இரு கட்சியாரும் எதிர்பாராத தீர்ப்பொன்று கிடைக்கும் என்பது என் எண்ணம்.

இவ்விசாரணைக்கு என்னைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. நான் ஆங்கிலம் வழியே கல்வி பயின்றவன். தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. எங்கள் தோட்டத்தில் எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். பழைய சைக்கிள் ஒன்றில் கடைக்குப் போய் வருவார். அலுவலகத் தாழ்வாரத்தில் நான் நிற்கக் கண்டால், சைக்கிளை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டே என்னைக் கடந்து, பாதை வளைவுக்கு அப்பால் சென்ற பின்னரே மறுபடி ஏறிக்கொள்வார். முதன்முறை கண்டபோது எனக்குக் கூச்சமாயிருந்தது. நாளடைவில் கூச்சம் போயிற்று. உண்மையை மறைப்பானேன்? பின்னர் அஃது எனக்கு இனிக்கவும் செய்தது.

ஒருநாள் அவருடைய பேரன் பட்டணத்துத் தொழிற்சாலையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். பாட்டனார் இறங்குவதைக் கண்டு சிரித்து, "ஏன் தாத்தா எறங்குறீங்க? இவரு என்ன வெள்ளைக்காரத் தொரையா?" என்று என் காதுபடவே கேட்டான். பெரியவர் தலைகுனிந்தாரேயன்றி மறுமொழி கூறவில்லை. இளைஞன் என்னை நோக்கினான். நானும் மறுமொழி கூறவில்லை. அவன் கேட்ட கேள்வி, 1941ஆம் ஆண்டிலேயே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் கோரிக்கையாக எழுப்பப்பட்ட கேள்வி என்பது அவனுக்குத் தெரியாது; எனக்குத் தெரியும். தெரிந்தவன் வாய்மூடி நின்ற குற்றத்திற்குக் கழுவாயாகவே இதனை எழுதத் துணிந்தேன்.

கடல் கடந்து வந்தோர்

நம் முன்னோர் தோட்ட வேலைக்கு இந்நாட்டிற்கு வந்த பெருவழி இரண்டு. முதலாவது சஞ்சி முறை. கப்பற் செலவுக்காகப் பட்ட கடனை இத்தனை ஆண்டு உழைத்துத் தீர்ப்பேன் என்று கைநாட்டு வைத்து வந்தவர் சஞ்சிக் கூலிகள் எனப்பட்டனர். இம்முறையில் ஆள் சேர்ப்பது 1910ஆம் ஆண்டோடு நின்றது. இரண்டாவது கங்காணி முறை. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரை அவருடைய சொந்த ஊருக்கே துரை அனுப்புவார். அவர் தம் உறவினரையும் சாதியாரையும் அண்டை அயலாரையும் திரட்டிக் கப்பலேற்றி அழைத்து வருவார். 1907ஆம் ஆண்டில் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் செலுத்தினர். அந்நிதியிலிருந்து கப்பற் செலவு கொடுக்கப்பட்டது. ஆகவே சட்டத்தின் கண்ணில் இவர்கள் கடன்காரர் அல்லர். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகிப் போகும் உரிமையும் இவர்களுக்கு இருந்தது.

சட்டம் அவ்வாறிருக்க, லயத்து வாழ்க்கை வேறாயிருந்தது. கங்காணி என்பவர் வேலை வாங்கும் மேஸ்திரி மாத்திரம் அல்லர். "உங்கள் பிள்ளையை என் பிள்ளைபோல் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஊரில் பெற்றோரிடம் வாக்குக் கொடுத்தவர் அவர். லயத்தில் சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்பவரும், கல்யாணத்திற்கும் கருமாதிக்கும் முன்பணம் தருபவரும் அவரே. பல தோட்டங்களில் மளிகைக் கடையும் அவருடையதாகவே இருந்தது. பெரட்டுக்கு வந்து வேலையிறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் நாள்தோறும் இத்தனை காசு என்று 'தலைக்காசு' பெற்றமையால், ஓர் ஆள் காய்ச்சலாய்ப் படுத்தால் கங்காணிக்கு நட்டம். ஆகவே அன்பும் அதட்டலும் ஒரே வாயிலிருந்து பிறந்தன. இத்தகைய ஒருவரை எதிர்ப்பது அதிகாரியை எதிர்ப்பதோடு முடிவதில்லை. மாமனையோ பெரியப்பனையோ எதிர்ப்பதுமாகும்.

இன்னுமொன்று கருதத்தக்கது. குடியிருந்த லயம் தோட்டத்திற்குச் சொந்தம். செக்ரோலில் பெயர் வெட்டப்பட்டால் கூலி போவது மட்டுமன்று, கூரையும் போகும். பிள்ளைகளைக் கிடத்தும் ஆயாக்கொட்டகையும், நோய்க்குப் போகும் ஆஸ்பத்திரியும் அதனோடு போகும். பட்டணத்துத் தொழிலாளி முதலாளியோடு சச்சரவு செய்துவிட்டு இரவில் தன் அறைக்குத் திரும்பிப் படுக்கலாம். தோட்டத்துத் தொழிலாளிக்கு அந்த அறையே முதலாளியின் அறை. துரை வரும் பாதையில் சைக்கிளை விட்டிறங்குதலும், தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்குதலும், குடையை மடக்குதலும் இந்நிலையிலிருந்து பிறந்த வழக்கங்கள். இவற்றை அடிமைப் புத்தி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவோர், அச்சொல்லைக் கூறும்போது தம் குழந்தைகள் எவருடைய கூரையின் கீழ் உறங்குகின்றன என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அப்படியாயின் முதல் தலைமுறையார் எதிர்ப்பென்பதே அறியாதவரோ? அன்று. அந்நாளைய தொழில் இலாகா அறிக்கைகளில் இறந்தவர், ஊர் திரும்பியவர் என்னும் கணக்குகளோடு 'ஓடிப்போனவர்' என்னும் கணக்கும் வருகின்றது. காட்டு வழியும் மொழியும் தெரியாத நாட்டில், மனைவி மக்களோடு இரவோடிரவாக ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டத்திற்கு நடந்தவர்கள் கோழைகள் ஆகார். அவர்களுக்குச் சங்கம் இல்லை, பத்திரிகை இல்லை, கையெழுத்துத் தெரியாது. கால் இருந்தது. அதனைக் கொண்டு எதிர்த்தார்கள்.

இங்கே பிறந்தோர்

தலைமுறைப் பிளவு என்பது பெரும்பாலும் வயதைப் பற்றியது என்று எண்ணுகிறோம். மலாயாவில் அது பிறப்பிடத்தைப் பற்றியதாகவே முதலில் இருந்தது. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, மலாயாவிலிருந்த இந்தியரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவரே இந்நாட்டிற் பிறந்தவர். 1947ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலோ அத்தொகை ஏறக்குறையப் பாதியாயிற்று. பதினாறு ஆண்டுகளில் நேர்ந்த இம்மாறுதலே நம் தோட்டச் சரித்திரத்தின் திறவுகோல் என்பேன்.

தந்தைக்கு 'ஊர்' என்பது திரும்பிச் செல்லும் இடம். நான்கைந்து ஆண்டுகள் பல்லைக் கடித்துப் பொறுத்தால், கையில் நாலு காசோடு போய்க் காணி நிலத்தை மீட்கலாம் என்று எண்ணி வந்தவர் அவர். அவ்வெண்ணம் பலருக்கு நிறைவேறாது போயிற்று என்பது வேறு. ஆனால் அவ்வெண்ணமே அவருக்குப் பொறுமை தந்தது. வழிப்போக்கன் சத்திரத்தின் ஒழுகலைப் பற்றி வழக்காடுவதில்லை. மைந்தனுக்கோ 'ஊர்' என்பது பாட்டியின் வாய்க்கதை. அவன் கண்ட ஆறு இங்குள்ள ஆறு. ஏறிய மரம் இங்குள்ள ரம்புத்தான் மரம். அவனுடைய தொப்புள்கொடி புதைந்தது லயத்துக் கொல்லையில். ஒழுகும் சத்திரமே அவனுக்கு வீடு. ஆகவே அவன் கூரையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினான். இதனைத் துடுக்கு என்று தந்தை எண்ணினார். தந்தையின் பொறுமையைக் கோழைமை என்று மைந்தன் எண்ணினான்.

கல்வியும் இப்பிளவை வளர்த்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைத்தல் வேண்டும் என்று ஏற்பட்டது. அப்பள்ளிகளின் இலட்சணத்தைப் புகழ்வதற்கில்லை. பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். சில வகுப்புகளுக்கு மேல் படிப்பில்லை. ஆயினும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுவர்கள் அங்கிருந்து வெளிவந்தனர். 1924இல் தமிழ் நேசனும் 1935இல் தமிழ் முரசும் தோன்றின. மாலையில் லயத்து வாசலில் ஒருவர் பத்திரிகையைப் படிக்க, எழுத்தறியாத முதியோர் சுற்றியிருந்து கேட்கும் வழக்கம் ஏற்பட்டது. அதற்குமுன் உலகச் செய்தியைக் கங்காணி சொல்லித் தந்தையும், தந்தை சொல்லி மைந்தனும் அறிந்தனர். இப்போது மைந்தன் படிக்கத் தந்தை கேட்டார். வீட்டின் அதிகாரம் சத்தமின்றி இடம் மாறிய நாள் அதுவேயாகும். 1929ஆம் ஆண்டின் இறுதியில் ஈ. வெ. ராமசாமி மலாயாவிற்கு வந்து சென்றதன் பின், 'சுயமரியாதை' என்னும் சொல்லும் அவ்வாசல்களில் புழங்கலாயிற்று.

இடையில் 1930ஆம் ஆண்டு முதற்கொண்டு ரப்பர் விலை வீழ்ந்தது. பல்லாயிரவர் ஊருக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். நின்றோர்க்குக் கூலி குறைந்தது. துரை காப்பாற்றுவார், கங்காணி கைவிடார் என்னும் நம்பிக்கை அப்போதே ஆட்டங் கண்டது. மறுபடியும் 1938இல் கூலி குறைக்கப்படவே, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இந்திய அரசாங்கம் கூலியாட்களை உதவிப் பணத்தில் மலாயாவிற்கு அனுப்புவதைத் தடை செய்தது. ஊரிலிருந்து புதிய ஆள் வருவது நின்றால் கங்காணிக்கு என்ன பெருமை? அவருடைய பிடி தளர்ந்தது. அப்பிடியிற் பிறவாத இளைஞரின் குரல் ஓங்கிற்று.

கிள்ளானில் எழுந்த கோரிக்கை

1941ஆம் ஆண்டின் முற்பகுதி. ஐரோப்பாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ரப்பருக்கு நல்ல தேவை. அரிசிக்கும் துணிக்கும் விலையேற்றம். தமிழ் ஆண் தொழிலாளியின் நாட்கூலி 50 காசு அளவிலேயே நின்றது. பெண்ணுக்கு அதனினும் குறைவு. சீனத் தொழிலாளர் பெற்ற கூலியோ இதனினும் மிகுதி. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன் முதலியோரின் தூண்டுதலால், சிலாங்கூரின் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலையை நிறுத்தின.

அவர்கள் கேட்டவற்றைக் கூர்ந்து நோக்குக. சீனருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, தக்க வைத்திய வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், சங்கம் அமைக்கும் உரிமை, பேசவும் கூடவும் சுதந்தரம், உறவினர் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோக அனுமதி, பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு முடிவு ஆகியவை அவற்றுள் அடங்கும். கொடுமை செய்யும் உத்தியோகஸ்தரை நீக்கித் தமிழ் பேசுவோரை வைக்க வேண்டும் என்றும் கேட்டனர். ஐரோப்பியரும் 'கறுப்பு ஐரோப்பியரும்' தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் முறைகேடாய் நடப்பதை ஒழிக்க வேண்டும் என்றும் கேட்டனர். இவற்றோடு சேர்ந்து வந்தது மற்றொரு கோரிக்கை: துரைமார் எதிரிலும் ஆசிய உத்தியோகஸ்தர் எதிரிலும் தொழிலாளர் சைக்கிளில் ஏறியபடியே செல்ல அனுமதிக்கப்பட வேண்டும்.

கூலியும் வைத்தியமும் கேட்ட பட்டியலில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று நகைத்தோர் அந்நாளில் இருந்திருத்தல் கூடும். நகைக்க இடமில்லை. மிச்சம் பிடித்து ஒரு சைக்கிள் வாங்குதல் தோட்டத்து இளைஞனுக்குப் பெரிய காரியம். கங்காணியின் துணையின்றி, லாரியை எதிர்பாராமல், தானே பக்கத்துத் தோட்டத்திற்கும் பட்டணத்திற்கும் போய்வரலாம், கூட்டம் கேட்கலாம், செய்தி கொண்டுவரலாம். தந்தை இரவில் காலால் ஓடிப்போனார். மைந்தன் பகலில் சைக்கிளில் போய்த் திரும்பி வந்தான். அந்தச் சைக்கிளிலிருந்து இறங்கு என்றால், நீ இன்னும் உன் தந்தையின் இடத்திலேயே நிற்கிறாய் என்று சொல்வதாகும். அதனாலேயே அவன் அதனைக் கோரிக்கையில் சேர்த்தான்.

'ஆசிய உத்தியோகஸ்தர்' என்னும் சொல்லை நான் படிக்குந்தோறும் என் நாற்காலி என்னைச் சுடுகின்றது. அச்சொல் எங்களைக் குறிப்பது. துரைக்குத் தெரிந்த தமிழ் சொற்பம். தொழிலாளிக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நின்றவன் கிராணி. முழு நாள் என்றெழுதுவதும் அரை நாள் என்றெழுதுவதும் அவன் பேனா. துரையிடம் ஒரு குறையைச் சொல்வதும், சொல்லாது விழுங்குவதும் அவன் நாக்கு. ஆங்கிலக் கல்வி எங்களுக்குக் கொடுத்த அவ்விடத்தில் பெரும்பாலோர் துரையின் நிழலாகவே நின்றனர் என்பதை இக்கோரிக்கைப் பட்டியலே சாட்சி சொல்கின்றது. வெள்ளைத் துரைக்குத் தந்தைமார் செலுத்திய வணக்கத்தில் எங்களுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அப்பங்கை நாங்கள் வேண்டாமென்று சொல்லவில்லை.

முதலில் சிறு கூலி உயர்வோடு வேலைநிறுத்தம் ஓய்ந்தது. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்படவே மீண்டும் மூண்டது. அவரை விடுவிக்க வேண்டும் என்று தொழிலாளர் திரண்டனர். சிலாங்கூரில் அவசர நிலை பிரகடனம் செய்யப்பட்டது, படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் ஐவர் மாண்டனர். நாதன் இந்தியாவிற்கு நாடுகடத்தப்பட்டார். பலர் தோட்டங்களினின்று விலக்கப்பட்டனர்.

இது இளைஞர் கலகம் என்று கூறிவிட்டால் கதை எளிதாய் முடியும். ஆனால் ஆயிரக்கணக்கானோர் பெரட்டுக்கு வராது நின்ற ஒரு வேலைநிறுத்தம் மீசை முளைத்த பிள்ளைகளால் மாத்திரம் நடப்பதன்று. ஒரு லயம் வேலைக்குப் போகாமலிருக்க வேண்டுமாயின், அந்த லயத்துத் தந்தை அடுப்பெரியாத வீட்டைச் சகிக்க வேண்டும். தாய் அரிசியைக் கைப்பிடியாய் அளக்க வேண்டும். கோரிக்கையை எழுப்பியவன் மைந்தனாயிருக்கலாம். பட்டினியைப் பங்கிட்டவர் அனைவரும்.

துரைமார் ஓடிய காலம்

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் கோத்தபாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. 'அசையாத மலை' என்று முதியோர் எண்ணியிருந்த துரைமார், மோட்டாரில் ஏறித் தெற்கு நோக்கிப் போய்விட்டனர். தொழிலாளரை அழைத்துச் செல்லவும் இல்லை. அவர்களுக்கு வழி சொல்லவும் இல்லை. பிரசங்கம் நூறு செய்யாத வேலையை அந்த ஒரு காட்சி செய்தது.

பின் வந்தது அதனினும் கொடிது. பதினாயிரக்கணக்கான தமிழர் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர், பெருந்தொகையினர் திரும்பவில்லை. தந்தையை இழந்த மைந்தரும் மைந்தரை இழந்த தந்தையரும் லயங்களில் நிறைந்தனர். அத்துயரின் நடுவிலேயே 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தார். இந்திய தேசிய ராணுவத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்தனர். டாக்டர் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சிராணிப் படையில் பெண்களும் சேர்ந்தனர். இந்தியாவைக் கண்ணால் கண்டிராத பெண்கள் இந்தியாவிற்காகத் துப்பாக்கி ஏந்தினர்.

கோலாலம்பூர்ச் செல்வக் குடும்பமொன்றிற் பிறந்த ஜானகி தேவர், போஸின் வேண்டுகோளைக் கேட்டுத் தம் பொற்காதணிகளைக் கழற்றிக் கொடுத்துப் படையிற் சேர விரும்பினார். தந்தையார் கடுமையாய் எதிர்த்தார். நெடிது வேண்டிக்கொண்ட பின்னரே இசைந்தார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்னும் பெயரோடு பொதுவாழ்வில் விளங்கியவர் அவரே. மகள் தந்தையை மீறி ஓடிவிடவில்லை, தந்தை மகளைக் கட்டிவைக்கவும் இல்லை என்பதை நோக்குக. வாதாடி இசையச் செய்தலும், அஞ்சியபடியே இசைதலும் இரண்டும் வீரமே.

கள்ளுக்கடை வாசலில்

யுத்தம் முடிந்து துரைமார் திரும்பினர். ஆனால் அவர்கள் விட்டுச் சென்ற பிள்ளைகளை அவர்கள் காணவில்லை. ராணுவத்தில் அணிவகுக்கக் கற்றவர்கள் கெடாவில் 'தொண்டர் படை' என்னும் பெயரோடு திரண்டனர். பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி அதன் தலைவராய் விளங்கினார். காக்கி உடுப்போடு அணிவகுப்பு, குடியொழிப்பு, கள்ளுக்கடை மறியல் ஆகியவை அப்படையின் பணிகள்.

அந்நாளில் தோட்டத்துக் கள்ளுக்கடை என்பது ஏதோ ஒரு கடையன்று. தோட்டமே நடத்தும் கடை. அதன் இலாபம் தொழிலாளர் நலனுக்கென்று விதி. தொழிலாளியின் கூலியை மாலையில் வாங்கிக்கொண்டு, அதிலொரு பகுதியை அவன் நலனுக்கென்று திருப்பித் தருவது விந்தையான தருமம். 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் மறியல் செய்தோர்க்கும் காவலர்க்கும் கைகலப்பு மூண்டது. அடுத்த மாதங்களில் அது பிற தோட்டங்களுக்கும் பரவியது. உயிர்ச் சேதமும் நேர்ந்தது. தொண்டர் படை ஒடுக்கப்பட்டது.

இங்கு வேதனை தருவது ஒன்றுண்டு. மறியல் நின்ற மைந்தன் கள்ளுக்கடை வாசலில் தடுத்தது பெரும்பாலும் தன் தந்தையை, மாமனை, அண்டை வீட்டுப் பெரியவரை. குடித்துவிட்டு வந்தோரைப் பிடித்து நிறுத்திக் கண்டித்ததும் உண்டு. பகலெல்லாம் காண்டாவாளி சுமந்து தோள் வீங்கிய மனிதர், மாலையில் ஒரு கோப்பையில் உடம்பு வலியை மறக்கப் பார்த்தார், மகன் வழிமறித்தான். மகனுடைய கொள்கை நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. கள் நம் குடும்பங்களைத் தின்றது. ஆனால் அந்த வலி எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் கோப்பையை மாத்திரம் தட்டிவிட்டால், அது சீர்திருத்தத்திற் பாதியே ஆகும்.

முதியோர் செய்த காரியம்

கதையை இங்கு நிறுத்தினால் இளைஞர் செய்தனர், முதியோர் பார்த்திருந்தனர் என்றாகும். அது பிழை. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது, மாதந்தோறும் சந்தா கொடுத்து அதனை நிலைநிறுத்தியவர்களில் ஒரு காலத்தில் கங்காணிக்கு அஞ்சியவர்களும் இருந்தனர். சுதந்தரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளை முதலாளிகள் பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றனர். வேலையும் லயமும் ஒருங்கே பறிபோயின. அப்போது, 1960இல், வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சொற்பக் கூலியிலிருந்து மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினர் தொழிலாளர். பிறர் நிலத்தில் பிறர் கூரையின் கீழ் ஆயுளைக் கழித்தவர்கள், தம் பணத்தில் தோட்டம் வாங்க முற்பட்டனர். ஊருக்குத் திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டுப் பிள்ளைகளின் நாட்டைத் தம் நாடாகக் கொண்டனர் என்பதற்கு இதனினும் தெளிவான கையெழுத்து வேண்டுமோ?

தீர்ப்பு

இனி வழக்குக்கு வருவோம். மைந்தர் நிமிர்ந்தது தந்தையர் குனிந்ததற்கு எதிராக அன்று. தந்தையர் குனிந்து காத்துக்கொடுத்த கூரையின் கீழ் வளர்ந்தமையால் நிமிர்ந்தனர். அவ்வாறே, தந்தையர் குனிவை மாத்திரம் பிள்ளைகளுக்குச் சீதனமாய்க் கொடுக்க நினைத்தால், தாம் பட்ட பாட்டின் பயனைத் தாமே கெடுத்தவராவர்.

சரித்திரம் எனக்குச் சொன்னது இது. பின்னர் அந்தப் பெரியவரிடமே பாடம் கேட்டேன். பேரன் பட்டணத்திற்குத் திரும்பிய பின்பு ஒருநாள் மாலை அவர் வீட்டிற்குப் போய், "பெரியவரே, என்னைக் கண்டால் இனி இறங்க வேண்டாம்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின் சொன்னார்:

"ஒங்களப் பாத்து எறங்கலீங்க ஐயா. எங்கப்பா ஒருநா எறங்காமப் போனாராம். பேர வெட்டிட்டாங்க. எங்கம்மா ரெண்டு புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு வேற தோட்டத்துக்கு நடந்தே போனாங்களாம். அப்புறந்தான் எங்களுக்கெல்லாம் எறங்கச் சொல்லிக் குடுத்தாரு. பேரன் எறங்காமப் போறது எனக்குச் சந்தோசந்தான். ஏன் எறங்குனோம்னு கேக்காமயே சிரிக்கிறான் பாருங்க, அதான் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

பிள்ளைக்கு இறங்கக் கற்பித்த அந்தத் தந்தை, தாம் ஒருநாள் இறங்க மறுத்தவர்! இதனை எந்த ஏட்டிலும் நான் படித்ததில்லை. எங்கள் அலுவலகத்து ஏடுகளில் அத்தகையவர் வெட்டப்பட்ட பெயராக மாத்திரமே இருப்பர். காரணம் எழுதும் வழக்கம் இல்லை. பேரன் அறியாதது அவன் குற்றமன்று. அவனிடம் எவரும் சொல்லவில்லை. பெரியவர் நாணத்தால் சொல்லவில்லை. நான் நாற்காலியின் சுகத்தால் சொல்லவில்லை. அன்றிரவே அவனுக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினேன்.

பெரியவர் இன்றும் இறங்குகிறார்; பழக்கம் விடுவதாயில்லை. நான் தாழ்வாரத்தை விட்டிறங்கி, பாதை வளைவு வரையில் அவரோடு நடந்துபோகிறேன்.

வாலிபத் தோழர்களே! இன்று பால்மரக் காடுகள் பெரும்பாலும் எண்ணெய்ப்பனைக்கு இடம் விட்டன. லயங்கள் இடிகின்றன; நீங்கள் பட்டணங்களில் குடியேறிவிட்டீர்கள். அடுத்த விடுமுறைக்கு வரும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவாருங்கள். எந்த ஊர், எந்தக் கப்பல், எந்தக் கங்காணி, முதற் கூலி எத்தனை காசு, எங்கே இறங்கினீர்கள், எங்கே இறங்க மறுத்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரியோர்களே! அவர்கள் கேட்கும்போது, "அதெல்லாம் எதுக்குப்பா" என்று நாணித் தட்டிக்கழிக்காதீர்கள். நீங்கள் குனிந்ததையும் சொல்லுங்கள், நிமிர்ந்ததையும் சொல்லுங்கள். இரண்டையும் கேட்ட பிள்ளை உங்களைப் பார்த்துச் சிரிக்கமாட்டான்.